வெயிலுகந்தாள் நனைந்த கதை

நெடுங்கரை ஊரில் வெயிலுகந்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் நாற்பத்தெட்டு வயதில் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆற்றில் கால் வைத்தாள், ஆறு எழுந்து ஒதுங்கி நின்றது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடம் விடுவாளே அந்த மாதிரி, தண்ணீர் தன்னை இரண்டு பக்கமும் சுருட்டிக்கொண்டு ஆளுயரச் சுவராக நின்றது, நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு மணல் காய்ந்து கிடந்தது. மேல்பக்கச் சுவரில் இருந்த தண்ணீர் கீழ்ப்பக்கச் சுவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஆனால் கீழே வயலுக்குப் பாய்ச்சுகிறவர்கள் தண்ணீர் குறைந்ததாகச் சொல்லவும் இல்லை. படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நுரையோடு துணியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார்கள்.

“ஏ வெயிலு, நாங்க அலசணும்ளா. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லு” என்றாள் ஒருத்தி.

வெயிலுகந்தாள் தள்ளி நின்றாள், படித்துறைக்குத் தண்ணீர் திரும்பி வந்தது, அவள் போய் நின்ற இடத்தில் ஆறு புதிதாகப் பிளந்துகொண்டது, பெண்கள் அலசி முடித்து வீட்டுக்குப் போனார்கள்.

அவள் பிறந்தது கரிசல் காட்டில். அங்கே தண்ணீர் லாரியில் வரும், வராத வாரமும் உண்டு, வந்த வாரத்தில் குடத்தோடு நின்று சண்டை போட்டுத்தான் அவளுடைய குரல் வளர்ந்தது. கல்யாணமாகி வேனில் நெடுங்கரைக்கு வந்தபோது ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாள், இவ்வளவு தண்ணீர் யார் வாசலிலும் நிற்காமல் சும்மா போய்க்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த புருஷன் ஆவுடையப்பனிடம் முதன்முதலாகப் பேசினாள். “இதுக்குள்ள படுத்துக்கிடலாமா?”

“படுக்கலாம். நீச்சல் தெரியணும்” என்றான் அவன்.

மறுநாளே கற்றுக்கொள்ளப் போயிருப்பாள், ஆனால் மறுநாள் விருந்து இருந்தது, அதற்கப்புறம் மாமியாருக்குக் காலில் கட்டு இருந்தது, அதற்கப்புறம் வயிற்றில் பிள்ளை இருந்தது, அதற்கப்புறம் தையல் மிஷினில் ஊரார் ஜாக்கெட் இருந்தது, தீபாவளி இருந்தது, பொங்கல் இருந்தது, கோயில் கொடை இருந்தது. படித்துறையில் குனிந்து குடத்தை முக்கி எடுப்பாளே தவிர, கால் நனைக்க நேரம் இருந்ததில்லை. இப்படி ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்து, கடைசியில் மாமியார் போய்ச் சேர்ந்தாள், மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது, ஒரு நாள் காலையில் பார்த்தால் வீட்டில் ஒன்றுமே இல்லை. வெயிலுகந்தாள் மிஷினை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டு ஜெபக்கனியிடம் போனாள். ஜெபக்கனி ஆப்பம் சுட்டு விற்கிறவள், ஆப்பப் பாத்திரத்தைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் நீந்தி அக்கரைக்குப் போவாள், ஒரு ஆப்பத்தின் ஓரம்கூட நனையாது.

“எனக்கு நீச்சல் சொல்லிக்குடு.”

“இந்த வயசுல எதுக்குட்டி?”

“ஆசையா இருக்கு.”

“வேற காரணம் ஒண்ணும் இல்லையா?”

“இல்ல.”

அது போதும் என்று ஜெபக்கனிக்குத் தோன்றியது.

ஆனால் ஆற்றுக்குத் தோன்றவில்லை. வெயிலுகந்தாள் பாறையில் ஏறிக் குதித்துப் பார்த்தாள், அவள் வந்து விழுவதற்குள் தண்ணீர் நகர்ந்துகொண்டது, இடுப்பில் ஒரு வாரம் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது. ஆற்றைப் பார்க்காதவள்போல முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடந்து இறங்கினாள், பாத்திரம் கழுவ வந்தவள்போல இரண்டு கரண்டியோடு வந்தாள், ஆவுடையப்பனின் சாரத்தைக் கட்டித் துண்டால் தலைப்பாகை போட்டு ஆம்பளையாகவும் வந்தாள், மூன்றுக்கும் ஆறு ஏமாறவில்லை. கோயில் தெப்பக்குளம் படிப்படியாகக் கீழிறங்கி மூலையில் போய் ஒடுங்கியது, வயல் கிணறு சுவரோடு ஒட்டிக்கொண்டது. வீட்டு வாளித் தண்ணீர் மட்டும் பேசாமல் கிடந்து அவளைக் குளிக்க விட்டது, ஏனென்றால் அதற்கு ஒதுங்க இடமில்லை. பெயரில் வெயிலை வைத்துக்கொண்டு தண்ணீரிடம் போனால் அது எப்படிச் சேரும் என்று சிலர் சொன்னார்கள், கரிசல் காட்டு உடம்பு என்று சிலர் சொன்னார்கள், ஒரு வாரம் இப்படிப் பேசி முடித்ததும் ஊருக்கு அந்தப் பேச்சு சலித்துவிட்டது, இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் தொலைந்துபோன பித்தளைக் குடம் ஒன்று கிடைத்தது. பிறகு மூக்குத்தி, பிறகு யாரோ கோபத்தில் வீசிய சைக்கிள், பிறகு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் கொப்பளிக்கும்போது பறிகொடுத்த பல்செட். அவர் அதை அங்கேயே கழுவி மாட்டிக்கொண்டு வெயிலுகந்தாளுக்கு நன்றி சொன்னார், நன்றியோடு கொஞ்சம் மணலும் வந்தது. கிணறு தூர் வாருகிறவர்கள் அவளைக் கூட்டிப்போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்துக் கிணற்றுக்குள் இறக்கினார்கள், அவள் அடியில் உட்கார்ந்து ஊரார் ஜாக்கெட்டுக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேலை முடிந்தது.

அப்புறம்தான் பெரிய உபயோகம் வந்தது. நெடுங்கரைப் பாலம் ஒரு வெள்ளத்தில் போனதிலிருந்து ஊர்க்காரர்கள் அக்கரைச் சந்தைக்கும் தாலுகா ஆபீசுக்கும் போக அணைக்கட்டு வழியாக அரை நாள் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் நீந்த வேண்டும். இப்போது வெயிலுகந்தாள் முன்னால் நடக்க, அவள் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்தார்கள், வாழைத்தார்கள் நடந்தன, ஆடுகள் நடந்தன, கடைசியாக மினிபஸ் முதல் கியரில் ஊர்ந்து வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர்ச் சுவருக்குள் மீன்கள் கூடவே வந்து மினிபஸ்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தன. பஞ்சாயத்துத் தலைவர் சங்கரபாகம் காலைக்கும் மாலைக்கும் நேரம் குறித்துப் போர்டு வைத்தார். மினிபஸ் முகப்பில் ‘வெயிலுகந்தாள் துணை’ என்று எழுதினார்கள். அவளுக்கு ஆத்து மதினி என்று பெயர் வந்தது, ஆத்து மதினியின் புருஷன் என்பதால் ஆவுடையப்பனுக்கு எந்தக் கடையிலும் டீ சும்மா கிடைத்தது, அவனும் நாலைந்து கடைகளில் குடித்தான். புதுப் பாலத்துக்கு அளவெடுக்க ஒரு இன்ஜினியர் வந்தார், வெயிலுகந்தாள் நடு ஆற்றில் நின்று கொடுத்ததால் வேலை சுலபமாக முடிந்தது, அவர் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே “இவ்வளவு வசதி இருக்கும்போது பாலம் எதுக்கு?” என்று கேட்டார், அதுவும் சரிதான் என்று தலைவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெயிலுகந்தாள் யாருக்கும் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் அக்கரை சேர்ந்தபிறகு அவள் திரும்பி வரும்போது நடு ஆற்றில் நிற்பாள், சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு காய்ந்த மணலில் குப்புறப் படுப்பாள், கையை வீசிக் காலை அடிப்பாள். ஜெபக்கனி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “முட்டிய மடக்காத, தொடையில இருந்து அடி. மூச்ச வெளிய விடு” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மூச்சை வெளியே விட்டால் மணல் பறந்தது, உள்ளே இழுத்தால் மூக்குக்குள் போனது. கரையில் நின்று சிரித்தவர்கள் சிரித்து முடித்துவிட்டுப் போனார்கள், அவள் அடித்துக்கொண்டிருந்தாள். மழை நாளிலும் அடித்தாள், மழைத்துளிகள்கூட அவள் மேலிருந்து சறுக்கி ஆற்றுச் சுவருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டன. மாதங்கள் போகப் போகக் கை அழகாக வளைந்தது, கால் ஒழுங்காக விழுந்தது, மணலில் முதலில் ஒரு சாண் நகர்ந்தாள், பிறகு ஒரு முழம், பிறகு ஒரு நாள் கரையிலிருந்து கரை வரைக்கும் மணலில் நீந்தியே போய்விட்டாள். அதற்கப்புறம் ஊரைக் கூட்டிப்போகும்போதும் நீந்தியே போனாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. மினிபஸ் டிரைவர் பால்பாண்டி இரண்டாவது கியர் போட்டார். ஊர்க்காரர்கள் அதற்கும் பழகி, மதினி கிளப்பிய மணல் கண்ணில் விழாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் போனார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் எழுந்து மணலைத் தட்டும்போது வலது குதிகாலில் என்னவோ குளிர்ந்தது. தொட்டுப் பார்த்தாள், ஈரம். தண்ணீர்ச் சுவர் லேசாகக் குனிந்து நின்றது, இவள் என்னதான் செய்கிறாள் என்று எட்டிப் பார்க்கிறதுபோல இருந்தது. அவள் திரும்பியதும் அது நிமிர்ந்துகொண்டது.

“ஏ ஜெபம், என் குதிகால் நனைஞ்சிருக்கு.”

ஜெபக்கனி தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். “ஆத்துத் தண்ணிதான்” என்றாள். இருவரும் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்கள்.

மறுவாரம் பாதம் நனைந்தது, அடுத்து கணுக்கால். அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆற்றைக் கடந்தவர்களின் செருப்பு நனைந்தது, பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

தலைவர் சங்கரபாகம் பக்குவமாகத்தான் ஆரம்பித்தார். “மதினி, ஒங்க ஆசைய யாரும் வேண்டாம்னு சொல்லல. பாலம் வந்ததும் தாராளமா நீந்துங்க. அதுவரைக்கும் அந்தக் குப்புறப் படுத்துச் செய்யுதத மட்டும் நிப்பாட்டிக்கிடுங்க.”

“பாலம் எப்ப வரும் அண்ணாச்சி?”

“பாலம் வேண்டாம்னுதான எழுதிக் குடுத்திருக்கோம். நீங்க இருக்கீயள்ளா.”

கூட்டத்தில் யாருக்கும் இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பால்பாண்டி எழுந்து, எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். அடுத்த மாதம் தலைவரின் மகள் சிவகாமிக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் அக்கரையிலிருந்துதான் வர வேண்டும் என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள், புருஷன் சொன்னால் கேட்பாள் என்று. ஆவுடையப்பன் எழுந்து துண்டை எடுத்து முறுக்கினான், குடித்த டீ எல்லாம் அவன் கண் முன்னால் வந்து போனது.

“அவ தெனமும் ஒங்க எல்லாரையும் அக்கரைக்குக் கொண்டு விடுதா, இத்தன மாசமா ஒருத்தரும் நனையாமக் கொண்டு விட்டா. அவளுக்கு நனையணும்னு இருக்கு. அவ்வளவுதான கேக்கா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வெயிலுகந்தாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபக்கனி எழுந்தாள். “அவ நிப்பாட்ட மாட்டா. தண்ணி எப்படியும் வரத்தான் போவுது. இந்த ஊர்ல இப்ப எத்தன பேருக்கு நீச்சல் தெரியும், கையத் தூக்குங்க பாப்போம்.”

நடந்தே பழகியதில் இளசுகள் யாரும் நீச்சல் கற்றுக்கொள்ளவே இல்லை, பெரியவர்களுக்கு மறந்துபோயிருந்தது. சிறுவயதில் மூச்சுப் பிடித்து ஆற்றைக் குறுக்கே கடந்த தலைவர் பாதி வரை கையைத் தூக்கினார், தன் வயிற்றைப் பார்த்தார், கையை இறக்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் முதலில் வந்து கரையோரத்து மணலில் படுத்தவர் அவர்தான். வயிறு மணலில் ஊன்றியதால் கையும் காலும் தரைக்கு எட்டாமல் தராசு மாதிரி முன்னும் பின்னும் ஆடினார். அதற்கடுத்த நாள் போஸ்ட்மாஸ்டர் பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் படுத்தார், பள்ளிக்கூட வாத்தியார்கள் படுத்தார்கள், பிள்ளைகள் படுத்தார்கள், வாழைக்காரர்கள் தாரைப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டுப் படுத்தார்கள், ஆவுடையப்பன் வெயிலுகந்தாளுக்குப் பக்கத்தில் படுத்தான். தாலுகா ஆபீசுக்குப் போகிறவர்கள் வயிற்றால் போனார்கள், அங்கே பாக்கெட்டிலிருந்து மனுவை எடுத்தால் முதலில் மணல் கொட்டியது, கிளார்க்குகள் நாளடைவில் மேஜைக்குப் பக்கத்தில் முறம் வைத்துக்கொண்டார்கள்.

இத்தனை கூட்டம் வந்து படுத்த அன்றைக்கே ஆறு மிரண்டுவிட்டது. முட்டி வரைக்கும் வந்திருந்த தண்ணீர் ஒரே நாளில் விலகி, முன்பைவிடத் தூரமாகப் போய் நின்றது, இப்போது இரண்டு லாரி எதிரெதிரே போகலாம். பால்பாண்டி எஞ்சினைத் தட்டிக் கொடுத்தார். கல்யாணம் நல்லபடியாக நடக்கும் என்று தலைவர் வீட்டில் பாயசம் வைத்தார்கள், வெயிலுகந்தாளுக்கும் ஒரு தூக்குவாளியில் வந்தது.

அன்று மாலை அவள் முதன்முறையாகப் படுக்காமல் மணலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எங்கேயோ தள்ளி நின்றது, மீன்கள்கூடத் தெரியவில்லை. ஆவுடையப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வீட்டுக்குப் போவமா?”

“திரும்ப மொதல்ல இருந்து செய்யணும் போல இருக்கு.”

“செய்யணும்னு இல்லளா. மணல்ல ஒன்னை மாதிரி நீந்துத ஆளு இந்த ஜில்லாவுலயே கிடையாது.”

“மணல்ல நீந்தவா ஆசப்பட்டேன்?” என்றாள். அழுகை வந்தது, ஆனால் அவளுடைய கண்ணீரும் கன்னத்தைத் தொடாமல் குதித்து இறங்கி ஆற்றுப் பக்கமாகப் போனது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவனும் சிரித்தான். பிறகு அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “நீங்க போயி உலையை வைங்க, நான் கொஞ்சம் காலை அடிச்சிட்டு வாறேன்” என்று குப்புறப் படுத்தாள். அவன் போய் உலையை வைத்தான். அன்றும் அடித்தாள், மறுநாளும் அடித்தாள், குதிகால் காய்ந்தே இருந்தது, காய்ந்த குதிகாலோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுபடியும் போனாள்.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை வீட்டார் அக்கரையில் வந்து இறங்கினார்கள். நாதஸ்வரமும் தவிலும் முன்னால், சீர்த்தட்டுப் பெண்கள் பின்னால், மினிபஸ்ஸில் மாப்பிள்ளையும் கிழவர்களும், இவர்களை எதிர்கொண்டு அழைக்கப் போன நெடுங்கரைக்காரர்கள் இரண்டு பக்கமும். வெயிலுகந்தாள் பட்டுச்சேலையில் எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். நடு ஆற்றுக்கு வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர்ச் சுவர் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்க வேண்டும் என்று நின்றார்கள், மாப்பிள்ளையை இறக்கினார்கள், அத்தைகளை உயரப்படி நிறுத்தினார்கள், ஒரு மாமாவைக் காணவில்லை என்று தேடினார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. சும்மா நிற்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று வெயிலுகந்தாள் பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு ஓரமாகக் குப்புறப் படுத்து, தொடையிலிருந்து காலை அடித்தாள்.

தண்ணீர் வந்தது. இரைச்சலாக வரவில்லை, பாயவில்லை. ரொம்ப நேரம் தயங்கி நின்ற ஒருத்தி கடைசியில் பக்கத்தில் வந்து உட்காருவதுபோல வந்தது, அவளுடைய முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது, முதுகின் மேல் ஏறி மூடிக்கொண்டது.

மற்ற எல்லாரையும் சேர்த்து மூடிக்கொண்டது. ஒரு நிமிஷம் ஆற்றின் மேல் தாம்பூலத் தட்டுகள் மட்டும் தெரிந்தன, அதன்பின் நெடுங்கரைக்காரர்கள் ஒவ்வொருவராக மேலே வந்தார்கள், வந்த உடனே மணலில் பழகியபடி கையை வீசினார்கள், காலை அடித்தார்கள், மணலைவிடத் தண்ணீர் எவ்வளவு சுலபம் என்று கண்டு சந்தோஷத்தில் கொஞ்சம் அளவுக்கு மீறியே அடித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆளுக்கொரு அத்தையை இழுத்துக்கொண்டு கரையேறினார்கள். தவில்காரர் தவிலைக் கட்டிப்பிடித்து மிதந்தார், பிடி நழுவும்போதெல்லாம் அது சரியான தாளத்தில் ஒலித்தது. பால்பாண்டி கூரைமேல் ஏறி உட்கார, மினிபஸ் கிழவர்களோடு அன்னம் மாதிரி அசைந்து கரை ஒதுங்கியது. தலைவர் தன் வயிற்றின் மேல் மாப்பிள்ளையைப் படுக்கவைத்து மல்லாந்து நீந்தி வந்தார், தண்ணீரில் அவருடைய வயிறு ஒரு படகுக்குச் சமமாக இருந்தது. போட்டோவுக்குத் தேடின மாமா அப்போதுதான் அக்கரையில் டீ குடித்துவிட்டு வந்து, எல்லாரும் எங்கே என்று கேட்டார்.

வெயிலுகந்தாள் முதலில் மூழ்கினாள், நிறையக் குடித்தாள், காதுக்குள் குளிர்ந்தது, கண்ணைத் திறந்தால் எல்லாம் பச்சையாக இருந்தது. கைகள் தாமாக வளைந்தன. மேலே வந்து மூச்சை விட்டாள், மணல் பறக்கவில்லை. மேற்கே போனாள், கிழக்கே வந்தாள், மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தாள், ஆறு அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. கரையில் நின்ற ஜெபக்கனி, “முட்டிய மடக்காத” என்று சொல்ல வாயெடுத்து, மடக்கவில்லை என்பதைப் பார்த்துச் சும்மா இருந்தாள்.

“மதினி, கொஞ்சம் ஒதுக்கிக் குடுத்தா தட்டெல்லாம் எடுத்துருவோம்” என்று தலைவர் கூப்பிட்டார்.

“முங்கி எடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு சுற்றுப் போனாள்.

முங்கி எடுத்தார்கள். ஈரப் பட்டிலும் ஈர வேட்டியிலும் தாலி கட்டு நடந்தது, மாப்பிள்ளையின் காதிலிருந்து மணவறையில் ஒரு சின்ன மீன் விழுந்தது, அதை ராசி என்று பெண் வீட்டாரும் அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சொல்ல, பந்தியில் இரண்டாவது பாயசத்தோடு அது ராசிதான் என்று முடிவானது. பாலம் வேண்டும் என்று தலைவர் அன்றே மறுபடியும் மனு எழுதினார், மறுநாள் அதை எண்ணெய்க் கவருக்குள் வைத்துப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திப் போய்க் கொடுத்தார், கிளார்க்குகள் முறத்தை எடுத்துவைத்துவிட்டு மனுக்களைக் காயப்போடக் கொடி கட்டினார்கள்.

கல்யாணத்தன்று வெயில் சாயும் நேரத்தில்தான் வெயிலுகந்தாள் கரையேறினாள். விரல் எல்லாம் சுருங்கி, உதடு நடுங்கி, பசியில் கண் மங்கி, ஆவுடையப்பன் நீட்டிய துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பாதித் தெரு வந்ததும் ஆவுடையப்பன், “ஏளா, பின்னால பாரு” என்றான்.

ஆறு அவள் பின்னால் வந்துகொண்டிருந்தது. படித்துறை ஏறி, பிள்ளையார் கோயிலைச் சுற்றிக்கொண்டு, ஒரு முழ அகலத்தில் பளபளவென்று அவளுடைய குதிகாலை ஒட்டி வந்தது. தெருக்காரப் பெண்கள் குடத்தைக் கொண்டுவந்து, வந்தவரைக்கும் லாபம் என்று மொண்டுகொண்டார்கள். வெயிலுகந்தாள் வாசற்படி ஏறினாள், அதுவும் முதல் படியில் ஏறியது. அவள் திரும்பி இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்தாள்.

“உள்ள எல்லாம் வரப்பிடாது. மிஷின் இருக்கு, துணி இருக்கு. போ, நாளைக்கு வாறேன்.”

ஆறு போகவில்லை. இரண்டாவது படியை நக்கிக்கொண்டு நின்றது.

“வாறேன்னு சொல்லுதேன்லா” என்றாள் அவள், கொஞ்சம் தணிந்த குரலில். அது சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, மனசில்லாமல் திரும்பித் தெருவில் இறங்கிப் போனது.